போனை வைக்காத சர்வர்

கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் மென்பொருள்கள் வந்தபிறகு எங்கள் குடியிருப்பில் பலருக்கும் ஒரு சந்தேகம். பதில் ஏன் மொத்தமாக வராமல் சொல் சொல்லாக வந்து விழுகிறது? உள்ளே யாரோ உட்கார்ந்து தட்டுகிற மாதிரி காட்டுவதற்குச் செய்த ஜோடனையா? வங்கியில் வேலை பார்க்கும் தஞ்சாவூர் நண்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். ஜோடனை இல்லை சார், பதில் நிஜமாகவே அப்படித்தான் உருவாகிறது, உருவாக உருவாக சர்வர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றேன். "அதுல என்ன சார் பெரிய விஷயம், குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரிதானே" என்றார்.

பெரிய விஷயம்தான். வெப் சர்வர் என்கிற ஜந்து பிறந்தபோது அதற்கு இந்தப் பழக்கமே கிடையாது. சொல்லிக் கொடுக்க ஏறக்குறைய 20 வருஷம் பிடித்தது. புணேயில் உட்கார்ந்து இந்த சர்வர்களோடு மாரடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கணிப்பொறி தெரியாதவர்களும் பயப்படாமல் படிக்கலாம்.

1991-ல் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் எச்டிடிபியில் மொத்தப் பேச்சும் ஒரே ஒரு வரி. "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று பிரவுசர் கேட்கும். சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தத் துண்டிப்புதான் 'முடிந்தது' என்பதற்கு அடையாளம். வேறு அடையாளம் கிடையாது. போனில் பேசி முடித்ததும் "வெச்சிடறேன்" என்றுகூடச் சொல்லாமல் ரிசீவரை வைக்கிற மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரகம்.

இத்தனைக்கும் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு பேசுவது அன்றைக்கு ஒன்றும் புதிதல்ல. டெல்நெட் அப்படித்தான். 1988-ல் பின்லாந்தில் ஜார்க்கோ ஓய்கரினென் எழுதிய ஐஆர்சி அரட்டையும் அப்படித்தான். உள்ளே நுழைந்தால் வெளியேறும்வரை கம்பி திறந்தே இருக்கும், யார் எது சொன்னாலும் உடனே உங்கள் திரையில் வரும். 90களின் ஆரம்பத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்த நம்மூர் மாணவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் தெரிந்துகொண்டது இந்த ஐஆர்சியிலும் யூஸ்நெட்டிலும்தான். 1993-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் தொடங்கிய கிரிக்இன்ஃபோ முளைத்தது அந்த மண்ணில். பின்னால் கிழக்கு பதிப்பகம் நடத்திய நம் பத்ரி சேஷாத்ரி அதன் இணை நிறுவனர்களில் ஒருவர். ஊரைவிட்டுப் போன ஆட்கள், ஊர் விஷயம் உடனே தெரியவேண்டும் என்ற தவிப்பு. உடனுக்குடன் செய்தி தரும் தொழில்நுட்பத்தை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் நம்மவர்கள் இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் வெப் மட்டும் ஏன் போனை வைக்கிற கட்சியில் சேர்ந்தது? கூட்டத்தைச் சமாளிக்கத்தான். ரேஷன் கடைக்காரர் யாரிடமும் குசலம் விசாரிப்பதில்லை. சர்க்கரை வாங்கியாச்சா, நகரு. ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளாததால்தான் ஒரே ஆள் நாள் முழுக்க ஊருக்கே அளக்க முடிகிறது. பெர்னர்ஸ்-லீயின் சர்வரும் அப்படித்தான். வெப் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்த மறதி ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் மனுஷனுக்கு அது போதவில்லை. கேம்பிரிட்ஜ் கணிப்பொறிக் கூடத்தில் காபி பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். காபி காலியா என்று மாடியேறிப் போய்ப் பார்க்காமல் இருக்கத்தான். 1991-ல் உள்ளூர் நெட்வொர்க்கில் ஓடியது, 1993 நவம்பரில் வெப்பில் வந்தது. உலகம் முழுக்க ஜனங்கள் அந்தக் காபி பாத்திரத்தைப் பார்த்தார்கள். 2001 ஆகஸ்டில் நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள் :-) ஆனால் அது நேரலை இல்லை. புதுப் படம் வேண்டுமென்றால் பக்கத்தை மறுபடி கேட்கவேண்டும்.

1995-ல் நெட்ஸ்கேப் இதற்கு இரண்டு வைத்தியம் கொண்டுவந்தது. ஒன்று, பக்கமே சில நொடிக்கொரு தரம் தன்னைத்தானே மறுபடி கேட்டுக்கொள்வது. ஆபீசில் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சச்சின் 96-ல் நிற்கும்போது பக்கம் வெள்ளையாகி, மறுபடி வந்தால் 96-தான் இருக்கும். இரண்டாவது வைத்தியம், சர்வர் போனை வைக்காமல் ஒரு படத்தை அனுப்பி, நடுவில் ஒரு கோடு கிழித்து, அதற்குப் பதிலாக அடுத்த படத்தை அனுப்பிக்கொண்டே இருப்பது. மலிவான கண்காணிப்புக் கேமராக்களில் இந்த முறை அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது.

நம் கதைக்கு முக்கியமான சட்டம் 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1. அதற்கு முன்பு சர்வர் பதிலின் மொத்த நீளத்தை முன்கூட்டியே சொல்லவேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் அனுப்பிவிட்டு இணைப்பை அறுக்கவேண்டும். இன்னும் உருவாகாத பதிலுக்கு நீளம் எப்படித் தெரியும்? 1.1 மூன்றாவது வழி ஒன்று கொடுத்தது. பதிலைத் துண்டு துண்டாக அனுப்பு, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தை மட்டும் எழுது, எல்லாம் முடிந்ததும் நீளம் பூஜ்யம் என்று ஒரு துண்டு அனுப்பு. அவ்வளவுதான். மொத்தக் கதையிலும் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். "எவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது, வர வரத் தருகிறேன்" என்று சர்வர் யோக்கியமாகச் சொல்ல அன்றைக்குத்தான் ஒரு பாஷை கிடைத்தது. நடுவில் கம்பி அறுந்து போனதா, நிஜமாகவே முடிந்துவிட்டதா என்ற குழப்பமும் அதோடு போயிற்று. பூஜ்யம் வராமல் நின்றால் அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

பாஷை வந்துவிட்டது, பேசுவதற்கு வசதி வரவில்லை. இங்கேதான் காசு விஷயம் வருகிறது.

90களில் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு எஸ்டிடி பூத் நினைவிருக்கும். இரவு கட்டணம் குறைந்தபிறகு வரிசையில் நின்று, கண்ணாடிக் கூண்டுக்குள் போனால் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும். "அம்மாவைக் கூப்பிடறேன் இரு" என்று எதிர்முனையில் போனைக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, மீட்டர் ஓடும். வெளியே நிற்பவர் முறைப்பார். பூத்தில் இரண்டு கூண்டுதான் இருந்தால், இரண்டு பேர் சும்மா காத்திருந்தாலே கடை முழுக்க அடைத்துப் போகும்.

அன்றைய அபாச்சி சர்வர் இந்த மாதிரிதான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முழு வேலையாளை ஒதுக்கும். வேலையாள் என்றால் நினைவகத்தில் தனியாக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு முழு நிரல். அபாச்சி 1.3-ல் வழக்கமான அமைப்பு ஒரே நேரத்தில் 150 பேர். 256-க்கு மேல் வேண்டுமென்றால் சர்வரையே மறுபடி கம்பைல் செய்யவேண்டும். பக்கத்தைக் கொடுத்துவிட்டு நகர்கிற வேலைக்கு இது தாராளம். ஆனால் 150 பேர் ஸ்கோர் வரட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால், 151-வது ஆளுக்குக் கடை மூடியாச்சு. உள்ளே ஒருத்தரும் வேலை செய்யவில்லை, ஆனாலும் கடை நிரம்பிவிட்டது!

1999-ல் டான் கேகல் என்பவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை எங்கள் தொழிலில் பிரசித்தம். 'சி10கே', அதாவது ஒரே நேரத்தில் 10,000 பேர் என்பது அதன் பெயர். அதில் வரும் கணக்கு இது. 1000 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு இயந்திரம் 1200 டாலர். அதை 20,000 பேருக்குப் பங்கு வைத்தாலும் ஆளுக்கு 50,000 ஹெர்ட்ஸ் வேகமும் 1 லட்சம் பைட்டு இடமும் வருகிறது. நொடிக்கு ஒருதரம் 4 கிலோபைட்டு எடுத்து அனுப்ப இது போதாதா? இரும்புக்குப் பஞ்சமில்லை, நிரல் எழுதிய விதத்தில்தான் கோளாறு என்பது அவர் வாதம். இன்றும் எங்கள் மீட்டிங்குகளில் சர்வர் திணறினால் இன்னும் நாலு மெஷின் வாங்கலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

தீர்வு என்ன? ஆளுக்கொரு வேலையாள் வேண்டாம். ஒரே வேலையாள், கையில் ஆயிரம் கம்பிகள். எந்தக் கம்பியில் சத்தம் வருகிறதோ அதை மட்டும் கவனி. இதற்கு யூனிக்ஸில் 'செலக்ட்' என்று ஒன்று முன்பே இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு தடவையும் எல்லாக் கம்பியையும் ஒன்று விடாமல் தட்டிப் பார்க்கும், அதுவும் வழக்கமாக 1024-க்கு மேல் தாங்காது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டியில் 'கேகியூ' வந்தது. 2002-ல் லினக்ஸில் டாவிடே லிபென்ஸி எழுதிய 'ஈபோல்' சேர்ந்தது, 2003 டிசம்பரில் வந்த 2.6 மூலம் எல்லோர் கைக்கும் கிடைத்தது. இவற்றில், மணி அடித்த கம்பிகளின் பட்டியலை மட்டும் கணிப்பொறியே எடுத்துக் கொடுத்துவிடும். சும்மா காத்திருப்பவர்களால் செலவு அனேகமாக இல்லை. இதை வைத்து ரஷ்யாவில் ராம்ப்ளர் நிறுவனத்தில் இருந்த இகோர் சிசோயெவ் 2002-ல் எழுத ஆரம்பித்து 2004 அக்டோபரில் வெளியிட்டதுதான் என்ஜின்எக்ஸ். 2009-ல் ஃப்ரெண்ட்ஃபீட் ஆட்களின் டொர்னாடோ, அதே வருஷம் நவம்பரில் பெர்லினில் ரியான் டால் மேடையேற்றிய நோட் எல்லாம் ஒரே குடும்பம்.

பிரவுசர் பக்கம் நடந்தது பெரும்பாலும் கோல்மால்தான். 2006 பிப்ரவரியில் ஜிமெயிலுக்குள்ளேயே அரட்டை வந்தபோது நாங்கள் அசந்து போனோம். புதுச் செய்தி வரும்வரை சர்வர் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும், வந்ததும் கொடுக்கும். அடுத்த மாதமே அலெக்ஸ் ரஸ்ஸல் இந்த மாதிரி வித்தைகளுக்கெல்லாம் 'காமெட்' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் அஜாக்ஸும் காமெட்டும் பாத்திரம் தேய்க்கும் பவுடர்கள், அதுதான் ஜோக். அன்றைய பிரவுசர்கள் ஒரு தளத்துக்கு இரண்டு இணைப்புதான் திறக்கும். ஒன்றைக் காத்திருக்க வைத்துவிட்டால் மீதி எல்லா வேலைக்கும் ஒன்றுதான் மிச்சம். இரண்டு கூண்டு பூத் மாதிரியேதான்.

நிரல்களுக்கு நேரடியாக ஓடும் தகவலைத் தரும் ஸ்ட்ரீமிங் ஏபிஐ என்பதைப் பரவலாகப் பழக்கப்படுத்தியது 2009-ல் ட்விட்டர். ஒருமுறை கேள், நான் முடிக்கவே மாட்டேன், ட்வீட் வர வர வரிக்கு ஒன்றாகத் தருகிறேன் என்றார்கள். அந்தச் சேவையின் பெரும்பகுதி பின்னால் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அவர்கள் எழுதி வைத்த நடைமுறை விதிகள் பாடப்புத்தகம் மாதிரி. ஒன்றும் வராத நேரத்திலும் 30 நொடிக்கொரு வெற்று வரி அனுப்புவார்கள், 'இருக்கிறேன்' என்பதற்கு. 90 நொடி எதுவுமே வராவிட்டால் கம்பி செத்துவிட்டது, மறுபடி கூப்பிடு. வாசிப்பவர் மெதுவாக வாசித்தால் சர்வர் பக்கம் மூட்டை சேரும், அளவுக்கு மீறினால் இணைப்பை வெட்டிவிடுவார்கள். ஒரு சோம்பேறிக்காக மற்றவர்களின் நினைவகத்தைத் தாரை வார்க்க முடியாது.

மறுபடி கூப்பிடுவதற்கும் ஒழுங்கு உண்டு. கம்பி அறுந்தால் கால் நொடி பொறுத்துக் கூப்பிடு, கிடைக்கவில்லையா, கால் கால் நொடியாகக் கூட்டி 16 நொடிவரை போ. சர்வரே மறுத்துவிட்டால் 5 நொடி, 10, 20 என்று இரட்டிப்பாக்கி 320 வரை போ. ரொம்பத் தொந்தரவு செய்தால் 420 என்ற எண்ணோடு 'அமைதி கொள்' என்கிற மாதிரி ஒரு பதில் வரும், அப்புறம் 1 நிமிஷத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? சர்வர் ஒரு நிமிஷம் படுத்து எழுந்தால், காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் கதவை இடிப்பார்கள். எழுந்தது மறுபடி படுத்துவிடும். தட்கல் நேரத்தில் காலை 10 மணிக்கு டிக்கெட் எடுக்க முயன்ற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் இயன் ஹிக்ஸன் 2004-லேயே, சர்வரிலிருந்து பிரவுசருக்கு ஒருவழியாக ஓடும் தகவலுக்கு எளிமையான ஒரு முறை எழுதி வைத்திருந்தார். 2006-ல் ஓப்ரா பிரவுசர் முயன்று பார்த்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கடைசிவரை சேர்த்துக்கொள்ளவே இல்லை. 2011 டிசம்பரில் இருவழியாகப் பேசும் வெப்சாக்கெட் நிலைபெற்றதும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஹிக்ஸனின் முறை திண்ணையில் உட்கார்ந்திருந்தது. 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தபிறகு அந்தத் திண்ணைக்காரருக்குத்தான் யோகம். பதில் ஓட்டத்துக்கு எல்லோரும் கையில் எடுத்தது அந்தப் பழைய வடிவத்தைத்தான்.

அதோடு ஒரு பழைய வியாதியும் திரும்பி வந்தது. சர்வருக்கும் உங்களுக்கும் நடுவில் இடைத்தரகர்கள் உண்டு, என்ஜின்எக்ஸே பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறது. பின்னால் இருக்கும் சர்வர் தரும் பதிலைத் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொண்டு அனுப்புவது அதன் இயல்பான குணம். சாதாரணப் பக்கத்துக்கு அது உபகாரம், ஓடும் பதிலுக்கு உபத்திரவம். சொல் சொல்லாக வரவேண்டியது 20 நொடி மௌனத்துக்குப் பிறகு பொத்தென்று விழும். சேர்க்காதே என்று ஒரு வரித் தலைப்பு அனுப்பினால் கேட்டுக்கொள்ளும். இன்னொன்று, பின்னாலிருந்து 60 நொடி எதுவும் வராவிட்டால் அதுவாகவே வெட்டிவிடும். 90களில் சிஜிஐ நிரல்களின் பதிலை சர்வர் தேக்கி வைத்தபோது, கோப்பின் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து சேர்த்தால் தேக்காமல் விடும் என்று ஒரு வழி இருந்தது. வியாதியும் மருந்தும் அப்படியே இருக்கின்றன, பெயர்தான் வேறு.

நம்மவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி ஒன்று இருக்கிறது. போன வருஷம் கும்பகோணத்திலிருந்து அப்பா போன் பண்ணினார். மாத்திரை பற்றி ஏதோ ஒரு செயலியில் தமிழில் கேட்டிருக்கிறார். பதிலில் நடுநடுவே கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி. "டேய், இதுக்குத் தமிழே தெரியலடா, இது சொல்ற மாத்திரையை எப்படி நம்பறது?" என்றார். அதற்குத் தமிழ் தெரிந்திருந்தது. நடுவில் வெட்டியவனுக்குத்தான் தெரியவில்லை.

ஓடும் தகவலுக்கான அந்த முறையில் எழுத்துரு யுடிஎஃப்-8 மட்டும்தான். அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3. 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறியீடுகள், ஆக 15 பைட்டு. பதிலை உருவாக்கும் நிரல்களில் பல, எழுத்தாக வெட்டாமல் பைட்டாக வெட்டுகின்றன. ஒரு துண்டின் கடைசியில் 'ம'-வின் 2 பைட்டு, அடுத்த துண்டின் முதலில் 1 என்று வருவது சகஜம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கினால் இரண்டு பக்கமும் கறுப்பு டைமண்ட்தான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இது ஜென்மத்துக்கும் கண்ணில் படாது. டிஸ்கி காலத்தில் பைட்டு எங்கே வெட்டுப்பட்டாலும் கவலையில்லை, அங்கே ஒவ்வொரு குறியும் ஒரு பைட்டு. அந்தக் காலத்துக்கு வேறு துன்பங்கள் இருந்தன, அது வேறு கதை.

1992-ல் கென் தாம்ஸன், நியூ ஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ராப் பைக்கோடு உட்கார்ந்து தட்டுக்கு அடியில் போடும் தாளில் யுடிஎஃப்-8-ஐ வரைந்தபோதே இதற்கு வழி வைத்துவிட்டார். முதல் பைட்டைப் பார்த்தாலே இன்னும் எத்தனை வரவேண்டும் என்று தெரியும். வராதவரை காட்டாதே, கையில் வைத்துக்கொண்டு காத்திரு. பிரவுசரில் எழுத்தாக்கும் கருவியிடம் 'இது ஓடும் தகவல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு வார்த்தை. அது இல்லாததால் ஒரு பெரியவர் மாத்திரைப் பதிலை நம்பாமல் விட்டார். நம்பாமல் விட்டதும் நல்லதுக்குத்தான், டாக்டரிடம் போனார் என்பது தனி.

சரியாக எழுதிய செயலியிலும் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். முதலில் 'க' வரும், அரை நொடியில் அது 'கொ' ஆகும். குழந்தை எழுதப் பழகுகிற மாதிரி. அது பிழை இல்லை.

இப்போது என் மண்டையைக் குடைவது வேறு. மும்பைக்கு டெக்கான் குயீனில் போகும்போது போர் காட் சுரங்கத்துக்குள் ரயில் நுழைகிறது, சிக்னல் போய்விடுகிறது. பிரவுசரை மூடினால் சர்வருக்குத் தகவல் வரும். சுரங்கத்துக்குள் போனால் ஒன்றும் வராது. சர்வர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும், எழுதுவதற்குக் காசு. வெளியே வந்ததும் போன் மறுபடி கூப்பிட்டு, "கடைசியாக என்னிடம் வந்தது 41-வது துண்டு" என்று சொல்லும். அந்த வசதியும் ஹிக்ஸன் எழுதியதில் இருக்கிறது. ஆனால் 42-லிருந்து தரவேண்டுமென்றால் சர்வர் அதை எங்கோ எடுத்து வைத்திருக்கவேண்டும். யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ரேஷன் கடையில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் தேவைப்படுகிறது. எத்தனை நேரம் வைத்திருப்பது? மலையில் அடுத்தடுத்து சுரங்கம் வரும் என்கிறேன் நான், நினைவகத்துக்கு யார் பணம் தருவது என்கிறார் மேலாளர். இப்போதைக்கு 5 நிமிஷம் என்று முடிவாகியிருக்கிறது.